குறுக்கே போன கை

புந்தா அரீனாஸில் காற்று
ஆளையே சாய்த்துவிடும்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.

ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில்
யாஸ்னா உட்கார்ந்திருப்பது
வேறொரு காற்றின் முன்னால்.
வடிகட்டிய காற்று. ஒரே திசை, ஒரே வேகம்.

மோதிரம் லாக்கரில்.
முழங்கை வரை தேய்த்த தோல்
கையுறைக்குள் இன்னும் எரிகிறது.
குப்பியின் ரப்பர் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து
காயும்வரை காத்திருக்கிறாள்.
ஊதக் கூடாது.

லேபிளில் பெயர் இல்லை:
ஒயார்சுனின் குழந்தை, 940 கிராம்.

கடைசிக்கு முந்தைய ஊசியில்
அவள் இடது கை
காற்றுக்கும் ஊசிமுனைக்கும் நடுவே
போய் வந்தது.
எதிலும் படவில்லை.
கண்ணாடிக்கு அப்பால் ரெனே
கணக்குத் தாளில் குனிந்திருந்தான்.

பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
ஒரு துகள் இல்லை.
கண்ணுக்குத் தெரிகிற சங்கதி என்றால்
இந்த அறையே எதற்கு?

தொட்டியில் போட்டாள்.
"ரெனே, எல்லாம் மறுபடி எடுத்து வை.
குளுக்கோஸிலிருந்து."
"என்ன ஆச்சு?"
"கை குறுக்கே போயிடுச்சு."
அவன் கடிகாரத்தைப் பார்த்தான்,
பிறகு அவளை.
அலமாரியைத் திறந்தான்.

புதுக் கையுறை.
வெளியே எங்கோ ஒரு தகரம்
பிய்த்துக்கொண்டு போகிற சத்தம்.
ரப்பர் வாயில்
ஸ்பிரிட் இன்னும் காயவில்லை.