ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள்

பொகுமில்,
உங்கள் விமானம் தாமதம் என்றீர்கள்.
எனக்கு ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட்.
வாயால் சொல்லவேண்டியதைத் தாளில் வைத்துவிட்டுப் போகிறேன்.
கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்,
ஊசி நேரம் குறித்தே கிறுக்கலாகிப்போன கை.

குத்தாயிசி சின்ன ஊருமில்லை, பெரிய ஊருமில்லை.
தொலைந்துபோக ஆசைப்பட்டால்
அரை மணி நேரம் தொலையலாம்.
அதற்குள் யாராவது உங்களைச்
சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்கள்.

காலையில் முதலில் சந்தை.
வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள், உள்ளே போங்கள்.
குங்குமப்பூ என்று மஞ்சள் பொடியை நீட்டுவார்கள்.
துலுக்கச் சாமந்தி இதழ் அது.
ஏமாற்று இல்லை,
எங்கள் குழம்புக்கு அதுதான் குங்குமப்பூ.
சீஸ் வரிசையில் எத்தேரி இருப்பாள்,
பச்சைத் தலைத்துணி.
மூன்று முறை ருசி பார்க்கலாம்.
நான்காம் முறை கேட்காமலே
எடை போட்டுக் கையில் திணிப்பாள்.

நடுச் சதுக்கத்து நீரூற்றில் பொன்னிறக் குதிரைகள்.
எல்லாரும் பார்க்கிறார்கள், நீங்களும் பார்த்துவிடுங்கள்.
கடன் கழிந்தது.

பிறகு மேட்டில் பக்ராத்தி கோயில்.
நான் அங்கே போய்ப் பதினோரு வருடம்.
போன மாதம் தங்கிய ஜப்பான்காரர்
எந்தச் சுவர் பழசு, எந்தச் சுவர் புதுசு என்று கேட்டார்.
ஐம்பத்திரண்டு வருடமாக இதே ஊர்,
விழித்தேன்.
நீங்கள் தடவிப் பார்த்து வந்து சொல்லுங்கள்,
அடுத்து வருபவரிடம்
எனக்குத் தெரிந்ததுபோல் சொல்லிக்கொள்கிறேன்.

கெலாத்தி மடத்துக்கு மினி வேன் உண்டு.
கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்,
காலி இருக்கைகளை எண்ணுங்கள்.
நிரம்பினால் கிளம்பும்.
மடத்தில் சாரம் கட்டியிருந்தால்
சாரத்தையும் சேர்த்துப் பாருங்கள்,
ஓவியம் எங்கும் போகாது.

ரியோனி ஆற்றை வெள்ளைப் பாலத்தில் நின்று பார்க்கலாம்.
வெயிலில் கற்கள் உப்புப் பாத்திபோல் வெளுத்துக் கிடக்கும்.
இறங்கிக் குளிக்கலாம் என்று தோன்றும்.
வேண்டாம்.
இறங்கியவர்களில் சிலர் எங்கள் வார்டுக்கு வருகிறார்கள்.
சிலர் வருவதில்லை.

கேபிள் காரை விட்டுவிடலாம்.
பழசு, ஆடும், ஐந்து நிமிடம்கூட இல்லை,
மேலே ஒரு ராட்டினமும் சில நாய்களும்தான்.

இல்லை, இந்த நான்கு வரியை அடித்துவிட்டேன் என்று
வைத்துக்கொள்ளுங்கள்.
போங்கள்.
ஐந்து மணிக்குமேல், வெளிச்சம் சாயும்போது.
கதவைச் சாத்திக் கொக்கி போடுகிற மனிதர்,
நரைத்த மீசை, இடது கையில் கடிகாரம் இரண்டு
(ஒன்று ஓடாது),
அவர் ஜும்பர்.
ஏழு வருடம் என் கணவராக இருந்தார்.
என் பெயரைச் சொன்னால் டிக்கெட் வாங்க விடமாட்டார்.
சொல்லாதீர்கள்.
டிக்கெட் வாங்குங்கள்.

ஆற்றின் மேல் வந்ததும் வலது பக்கம் திரும்புங்கள்.
மரப் பால்கனிகள் வரிசையாகத் தொங்கும்.
அதில் மூன்றாவது, கொஞ்சம் சாய்ந்தது, நம்முடையது.
சிவப்புப் போர்வையைக் காயப்போட்டிருக்கிறேன்.
மழை வந்தாலும் எடுக்காதீர்கள்.
மேலேயிருந்து அது தெரிகிறதா என்று
எனக்குச் சொல்லவேண்டும்.
அவ்வளவுதான். நிறம் தெரிகிறதா,
இல்லை, ஏதோ ஒரு துணி என்று மட்டும்தானா.

கனமான வேலை இல்லையே?

மற்றபடி:
அடுப்பில் பீன்ஸ் இருக்கிறது, சூடாக்குங்கள்.
குளியலறைக் குழாயை இடப்பக்கம் திருப்பிவிட்டு
நூறுவரை எண்ணினால் வெந்நீர் வரும்.
பக்கத்து வீட்டு வாலேரியான் ஒயின் கொண்டுவருவார்,
ஒரு குவளைக்குப் பிறகு உங்களுக்கு ஈரல் கோளாறு.
மறக்காதீர்கள், நான் நர்ஸ், நானே சொன்னேன்.
போகும்போது சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்காதீர்கள்,
அந்த இடம் தெருவுக்கே தெரியும்.
எத்தேரியிடம் கொடுங்கள்.

சிசானா