காலி எடை

சிலிண்டரின் கழுத்து வளையத்தில்
காலி எடை எழுதியிருக்கும்:
பதினைந்து புள்ளி மூன்று.
உள்ளே இருக்கும் கேஸ் பதினான்கு புள்ளி இரண்டு.
கூட்டினால் என்னில் பாதிக்கும் மேல்.

லிங்கராஜபுரம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.
கதவைத் திறந்ததும் அந்த அம்மா கேட்பார்,
மாதம் தவறாமல்:
"இத்தனூண்டு உடம்ப வச்சுக்கிட்டு எப்படிப்பா தூக்குற?"
கூடவே இருபது ரூபாய் நீளும்.
கேள்வி பிடிக்காது.
ரூபாய் பிடிக்கும்.

சனிக்கிழமை நோயல் டிக்கெட்டோடு வந்தான்.
ஹென்னூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம்.
மணமேடை இருந்த இடத்தில் கம்பிக்கூண்டு,
காலையில் எவருக்கோ கட்டிய வாழைமரம்
வாசலில் இன்னும் தலை தொங்கி.

மைக்கில் எடை சொன்னார்கள்,
கன்னடத்தில் பாதி, இங்கிலீஷில் பாதி.
ஈ எடை. சேவல் எடை. இறகு எடை.
பேர் வைத்தவனே கேலி செய்துவிட்டுப் போயிருக்கிறான்,
நாங்கள் என்ன புதிதாய்ச் சொல்ல?
சொன்னோம்.

"தராசுல பேட்டரி போயிருக்கும், மறுபடி ஏத்துங்கடா!"
இது சையத்.
நீலக் கால்சட்டைக்காரன் கூண்டுக்குள் ஏறும்போது
"ஃபேனை நிறுத்துங்கப்பா, பறந்துடப் போறான்!"
இது நான்.
இரண்டு வரிசை சிரித்தது.
அவன் ஐம்பத்தாறு புள்ளி ஏழு.
நான் ஐம்பத்திரண்டு.

நாங்கள் வந்தது கடைசி ஆட்டத்துக்கு.
நூற்றுப் பதினெட்டும் நூற்றுப் பன்னிரண்டும்.
"ஆள்னா அது ஆள்" என்றான் நோயல்,
தன் சொந்த வீட்டைக் காட்டுகிறவன்போல
போஸ்டரைக் காட்டி.

அதுவரைக்கும் டீ.
பன் பட்டர், ஆளுக்கொரு சிகரெட்.
பாதி டம்ளரில்
மண்டபம் இடிந்ததுபோல் ஒரு சத்தம்.
"கரண்ட் வந்திருக்கும்" என்றான் சையத்.

திரும்பினால் கூண்டுத் தரையை
மாப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.
என்னாச்சு என்றேன்.
பக்கத்து சீட்டுக்காரர் கையை ஒரு மாதிரி சுழற்றினார்,
பிறகு காலை,
பாதியில் விட்டுவிட்டார்.
"சொல்ல வராதுங்க. பாத்திருக்கணும்."

பெரிய உடம்புகள் வந்தன.
பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறி நின்றோம்.
முதல் நிமிஷம் இடி.
அப்புறம்
டேனரி ரோட்டில் எதிரெதிரே சிக்கிய இரண்டு லாரிகள்,
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
எட்டு நிமிஷம் மூச்சு வாங்கின.
தொண்டை கட்டும்வரை கத்தினேன்.
கொடுத்த காசுக்குக் கிலோக் கணக்கில்
வாங்கிப் பழகியவன்.

வெளியே தண்ணீர் கேன் பக்கம்
நீலக் கால்சட்டை.
புருவத்தில் பஞ்சு. மூன்றாவது டம்ளர், நான்காவது.
எபிநேசராம், ஜீவனஹள்ளியாம்.
தமிழ்தான்.
என் ஃபேன் அவன் காதில் விழுந்திருக்குமோ?

எடை போடுவதற்கு முந்திய ராத்திரி
பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு ஓடினானாம்.
கடைசி இருநூறு கிராமை
பாட்டிலில் எச்சிலாகத் துப்பித் துப்பித் தீர்த்தானாம்.
யாரோ கேட்டதற்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தான்,
பஸ் நம்பர் சொல்வதுபோல.
என் கண் அவன் கழுத்தில்
எதையோ வாசிக்கத் தேடியது.

"மேட்ச் பாத்தீங்களாண்ணா?"
"பாத்தேன்."
"எப்படி இருந்துச்சு?"

நோயல் பைக்கைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடிக்கிறான்.
கையா, காலா,
ஜெயித்தானா தோற்றானா,
அதுகூட எனக்குத் தெரியாது.
வாய் தானாகத் திறந்தது:
"நல்லா இருந்துச்சு தம்பி.
கொஞ்சம் உடம்பு மட்டும் போடணும்."

உதட்டு வெடிப்பு விரியச் சிரித்தான்.
என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.
டம்ளரை அலசி
எனக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான்.