ஒரு முட்டை விலை

விலை வைக்கும் வேலை என்னுடையது.
மூச்சுக்கு.

எஸ்னார்ட் முன்பு வார்டு நர்ஸ்.
இப்போது முதலாளி;
முதல் இல்லாத முதலாளி.
மேசைமேல் ஒரு முட்டையை உருட்டிவிட்டுக் கேட்டாள்:
"இதை வாங்க முடியாத வீடு இந்த மலையில் எத்தனை?"
விரல்விட்டு எண்ணினேன். இரண்டு கை போதவில்லை,
ஆனாலும் அதிகமில்லை.
"அவர்களுக்குச் சும்மா.
மற்றவர்களுக்கு ஒரு மணி நேர ஆக்ஸிஜன்
ஒரு முட்டை விலை. எழுதிக்கொள்."

சும்மா என்றாலே எனக்குப் பயம்.
டெட்ஸா போகும் சாலையில் ஒரு மருத்துவமனை.
ஏதோ ஒரு குளிர்நாடு அன்பளித்த இயந்திரம்
யாருக்கும் தெரியாத மொழியில் குறிப்பேட்டோடு
நடைவழியில் நின்று
ஈரக் கோட்டுகளைச் சுமந்துகொண்டிருந்தது.
போனது ஒரு ஃப்யூஸ்.
ஒரு நாள் சம்பளம்கூட இல்லை அது.
ஏன் ஓடவில்லை என்று கேட்கத்தான்
யாருடைய பொருளாகவும் இல்லை.

லிம்பானி ஃப்ரிட்ஜ் மெக்கானிக்.
பீர்க்கடைப் பெட்டியின் மின்விசிறியை,
கபாசிட்டரை,
மூச்சுப் பெட்டிக்குள் உட்காரவைத்தான்.
சுற்றியது.
அன்று மாலை அவனே பீர் வாங்கினான்,
குளிராத பீர்.

பிளான்டயரில் சலவைக்கல் பதித்த
தனியார் மருத்துவமனைக்கு
அதே பெட்டி மணிக்கு நாற்பது முட்டை.
முகம் சுளிக்காமல் கட்டினார்கள்.
மலை ஏறும் ஒவ்வொரு பெட்டியையும்
பின்னாலிருந்து தள்ளுவது அந்தக் காசுதான்.

லிலோங்வே வங்கி அதிகாரி
என் கணக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
"இது தர்மமா, வியாபாரமா?"
"ஃப்யூஸ் போனால் பொழுது சாய்வதற்குள் மாற்றிவிடுவோம்,"
என்றாள் எஸ்னார்ட்.
"பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."
பெயரும் வைக்கவில்லை,
கடனும் தரவில்லை.

ஜூன்.
சிப்பெரோனித் தூறல், விடாமல் மூன்று நாள்.
கம்பியில் கரண்ட் இல்லை.
கூரைத் தகட்டுக்கு வெயில் இல்லை.
நின்றிருந்த மினிபஸ்ஸின் பேட்டரியை
டிரைவரின் வசவோடு சேர்த்துக் கழற்றி வந்தான் லிம்பானி.

அலினாஃபே. எட்டு மாதம்.
விலாவுக்குக் கீழே தோல்
உள்ளே போய்ப் போய் வந்தது.
பதினொரு மணி நேரம் ஓடியது பெட்டி.
ஒரு முறைகூட நிற்கவில்லை.

நின்றது பெட்டி அல்ல.

அந்த வரியைக் கணக்கில் அடித்துவிட்டேன்.
யாரிடம் கேட்பது?
என்னவென்று சொல்லி?

மூன்று வாரம் கழித்து அப்பா வந்தார்.
ஃபோஸ்டினோ, கிழங்கு பயிரிடுகிறவர்.
சைக்கிள் பின்னால் கட்டிய கூடையை அவிழ்த்து
மேசையருகே வைத்தார்.
"பதினொரு முட்டை விலைக்கு இருக்கும்.
நிறுத்துக்கொள்ளுங்கள்."

வேண்டாம் என்றேன்.
இதற்கெல்லாம் விலை கிடையாது என்றேன்.

அவர் குரல் உயரவில்லை.
"பதினொரு மணி நேரமும் மூச்சு விட்டாள்.
அதில் கொஞ்ச நேரம்
என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.
அதற்கா விலை கிடையாது?"

எஸ்னார்ட் உள்ளேயிருந்து வந்தாள்.
ஒன்றும் பேசாமல்
தராசை என் பக்கம் நகர்த்தினாள்.

நிறுத்தேன்.
முள் நடுவில் நின்ற பிறகும்
இரண்டு கிழங்கு எடுத்துப் போட்டார்.
கொசுறு.

விலை வைத்தது சரிதானா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
முட்டை அதற்குப் பிறகு இருமுறை ஏறிவிட்டது.
எங்கள் மணி நேரத்தை நான் ஏற்றவில்லை.
எஸ்னார்ட் கேட்கிறாள்,
ஏன் ஏற்றவில்லை என்று.
பேட்டரி வாங்க வேண்டாமா என்று.
நியாயமான கேள்வி.

அடித்த வரிக்கு மேலேயே
அன்று திரும்ப எழுதினேன்.
வரவு: உருளைக்கிழங்கு, நான்கு கிலோ.
கொசுறுக்குக் கட்டம் இல்லை;
ஓரத்தில் எழுதினேன்.

பாக்கி:
கூடை ஒன்று.
அவரிடம் திருப்பித் தரவேண்டியது.