நாய் மிதித்த கல்

பட்டம் வாங்கி முப்பது வருடம் என்று
தாஷ்கண்டிலிருந்து கிளம்பினோம்,
இருபத்திரண்டு மருந்தாளர்கள், ஒரு பேருந்து.
மாத்திரைப் பைகள் எல்லாம்
கீவாவில், விடுதி அறைகளில்,
பத்திரமாக இருந்தன.

அயாஸ் கலா குன்றின்மேல்
வழிகாட்டிப் பெண் அய்சுலு
மஞ்சள் குடையை உயர்த்தி
"ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம்" என்று தொடங்கியபோது
என் வயிற்றில்
காலையில் தின்ற சம்சா விழித்துக்கொண்டது.

முதலில் குளிர்.
நாற்பத்தொரு டிகிரி வெயிலில்
பல் கிட்டுகிற குளிர்.
பிறகு முழங்கால்கள் என்னுடையவையாக இல்லை.
சுவரைப் பிடித்துக்கொண்டு
எந்த அரசனும் நின்று பார்த்திராத ஒரு மூலையில்
குனிந்தேன்.

சூழ்ந்துகொண்டார்கள்.
வெயில் தாக்கியிருக்கிறது என்றாள் முகத்தஸ்.
பித்தப்பை, நான் அப்போதே சொன்னேனே என்றான் பஹ்ரோம்.
இறைச்சிதான் என்றார்கள் தின்னாதவர்கள்.
இறைச்சியே இல்லை என்றார்கள் தின்றவர்கள்.
அளவும் வேளையும் பிசகாமல்
காற்றில் எழுதப்பட்டன இருபத்தொரு சீட்டுகள்.
கொடுக்க ஒரு வில்லை இல்லை.

நீங்கள் போய்ப் பாருங்கள் என்றேன்.
போகமாட்டோம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப்
போனார்கள்.
குறை சொல்ல ஒன்றுமில்லை,
நானாக இருந்தாலும் போயிருப்பேன்,
ஒருமுறை மட்டும் சொல்லிவிட்டு.

படுத்துப் பார்த்தால் கோட்டை வேறு.
வளைவு இல்லை, காவல் மாடம் இல்லை.
கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு கல்,
சூளை காணாத பச்சை மண்கல்,
வைக்கோல் துணுக்கு ஒன்று இன்னும் மினுங்க.
அதன் நடுவில்
நான்கு விரலும் ஒரு பாதமுமாக
ஒரு நாயின் தடம்.

ஈரம் காயுமுன் குறுக்கே ஓடியிருக்கிறது.
யாரோ கத்தியிருப்பார்.
கத்தியவர் பிறகு வெயிலைப் பார்த்திருப்பார்,
மிச்ச வரிசையைப் பார்த்திருப்பார்,
போகட்டும் என்று
அதையும் எடுத்து அடுக்கியிருப்பார்.

எனக்கு மறுபடி வந்தது.
கல்லை விட்டு விலகி
மணலில் எடுத்தேன்.
அவ்வளவு மரியாதை மிச்சமிருந்தது.

மூச்சு இரைக்க மேலேறி வந்தார்
ஓட்டுநர் ஓராஸ்பாய்.
ஒரு கையில் தேநீர்க் குடுவை,
மறுகையில் பேருந்து ஜன்னலிலிருந்து கழற்றிய
நீலத் திரை.
சுவரின் பிளவில் ஒரு முனையைச் செருகி
மறுமுனைக்கு மண்கட்டி வைத்து
எனக்கென்று ஒரு அறை கட்டினார்.
சட்டைப்பையைத் துழாவி
ஒரு குருத் எடுத்தார்,
கோலிக்குண்டு அளவில் காய்ந்த தயிர் உருண்டை.
"கடிக்க வேண்டாம். கன்னத்தில் அடக்கிக்கொள்ளுங்கள்."

உப்பு.
முப்பது வருடம் நான் விற்ற பொட்டலங்களெல்லாம்
எங்கோ தலையாட்டின.
கொஞ்சம் பை நூல், கொஞ்சம் டீசல் வாசனை,
அதுவும் சேர்ந்துதான் இறங்கியது.

கோட்டையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாவது கியர் விழ மறுப்பதைச் சொன்னார்.
கல்யாணமான புதிதில்
அவரும் பீபிசாராவும்
இந்தக் குன்றடியில் முலாம்பழம் விற்றதைச் சொன்னார்.
"அப்போது ஆள் வராது. ஆடுதான் வரும்.
ஆடு தின்னும், காசு தராது."
சிரித்தேன், வயிறு வலித்தது.

தடத்தைக் காட்டினேன்.
குந்தி உட்கார்ந்து, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி,
பெருவிரலை அதில் வைத்து அளந்தார்.
"பெண் நாய்."
எப்படித் தெரியும்?
"தெரியாது" என்றார்.

இறங்கும்போது ஒரு தோளில் முகத்தஸ், ஒரு தோளில் பஹ்ரோம்.
பித்தப்பை பற்றி அவன் விடவில்லை.
பேருந்தில் ஒரு திரை மட்டும்
மண் உதிர்த்துக்கொண்டு ஆடியது.
நான் பார்க்காததையெல்லாம்
கைபேசி கைபேசியாக நீட்டிக் காட்டினார்கள்:
வாசல், மதில், மதிலுக்கு அப்பால் உப்புநீர் ஏரி,
தாவிக் குதிக்கும் இருபத்தொரு பேர்.

ஒரு படத்தில், மூலையில், சுவரடியில்,
நீலமாக என்னவோ.
"யாரோ விட்டுப்போன மூட்டை என்று நினைத்தேன்"
என்ற ஸோஹிபா
வாயைப் பொத்திக்கொண்டாள்.

விரல்களால் அகட்டிப் பார்த்தேன்.
மூட்டைதான்.
பக்கத்தில் ஒருவர் குந்தியிருந்தார்,
விரலைச் சுவரில் வைத்து.

கன்னத்தில் குருத்
இன்னும் கரையவில்லை.