விசிறி இல்லாதது

வீரப்பன்சத்திரத்தில் எங்கள் சந்தில்
பதினொரு பட்டறை, நூற்றுச் சொச்சம் தறி.
எது கெட்டாலும் முதலில் காதுக்குத் தெரியும்.
நாடா தவறினால் ஒரு சத்தம்,
பெல்ட் தளர்ந்தால் வேறு சத்தம்,
மோட்டார் காய்ந்தால்
இட்லி அடிப்பிடித்த வாசனையோடு ஒரு முனகல்.
ஃபிட்டர் செங்கோடன் வண்டியில் போகிற போக்கில் சொல்வான்:
"அக்கா, உள்ளுக்க மூணாவது தறி சரியில்லீங்."

இந்த லேப்டாப்தான் எனக்குப் பிடிபடவில்லை.

பழையதற்கு விசிறி இருந்தது.
இரண்டு வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்றுவிட்டு
ஒரு மாசி மாதம் மூச்சடைத்து நின்றது.
பிரப் ரோட்டுக் கடைப் பையன் திறந்து
இடுக்கியால் இழுத்தான்:
விளக்குத் திரி போல, சாம்பல் நிறத்தில், முழுசாக.
"விசிறி இல்லாததே வாங்கிக்கோங்க.
தூசி உள்ள போக வழியே கிடையாதுங்."

வெளியே வர?
என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

காலையில் ஒன்றும் குறையில்லை.
ஏழு மணிக்கு ஒன்பது பட்டறைக் கணக்கும்
ஒரே தட்டில் திறக்கும்.
(மீதி இரண்டு பேர் இன்னும் நோட்டில்.)
பகல் இரண்டு மணிக்கு,
எதிர்ப் பட்டறைத் தகரம் நெளிகிற சித்திரையில்,
கருங்கல்பாளையம் என்று தட்டினால்
கரு வரும்.
நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்
ங்கல்.
மீதியை அது யோசித்துக்கொண்டிருக்கும்.

நெட் என்று நினைத்து கேபிள்காரரை வைதேன்.
வைரஸ் என்று எழுநூறு ரூபாய் அழுதேன்.
ஆடிட்டர் ஆபீஸ் மீட்டிங்கில்
என் முகம் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது.
கோயமுத்தூரிலிருந்து ரேணுகாதேவி கேட்டாள்:
"மேடம், இருக்கீங்களா?"
இருந்தேன். வேர்த்துக்கொண்டு.

செங்கோடன் காற்றுக் குழாயோடு வந்தான்.
திருப்பினான். கவிழ்த்தான்.
ஓரமெல்லாம் கட்டை விரலால் தடவினான்.
"ஓட்டையே இல்லியேக்கா, எங்க ஊதறதுங்?"
அடியில் உள்ளங்கை வைத்தவன் வெடுக்கென்று எடுத்தான்.
"இந்தச் சூட்டுக்கு ஒரு தறி ஊரைக் கூட்டியிருக்கும்."

இது கூட்டாது.
தன் வேகத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும்,
எரிந்து போகாமல் இருக்க.
பார்க்கிறவர்களுக்குச் சோம்பேறி மாதிரி இருக்கும்.
எனக்கு அந்தப் பேர் ஏற்கெனவே உண்டு.

இருபதாம் தேதி. கட்டக் கடைசி நாள்.
மூன்றே காலுக்குக் கரண்ட் போனது.
அத்தனை தறியும் ஒன்றாய் நிற்கும்போது வருகிற அமைதி
அறை விட்ட மாதிரி இருக்கும், காது ஙொய்யென்னும்.
தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த வட்டம்
மெல்ல மெல்ல மூன்று இறக்கையாகப் பிரிந்து நின்றது.

அதற்கும் விசிறி இருந்திருக்கிறது.
இத்தனை நாளும் என்னுடையதில் பங்கு.

குனிந்து பார்த்தேன்.
பவானி ஜமக்காளத்தை நான்காய் மடித்து
அதன் மேல் அல்லவா வைத்திருக்கிறேன்,
காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்தின மாதிரி.

தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.
மாவுப் பாத்திரத்தை அக்கட்டால தள்ளி,
ஈரத் துணியால் கல்லைத் துடைத்து,
இன்னொரு தரம் காயத் துடைத்து,
கறுப்புக் கிரானைட்டின் மேல் வெறுமனே வைத்தேன்.
செல்போன் நெட். நின்றபடி வேலை.
சித்த நேரம் ஒன்றும் இல்லை.
அப்புறம் பாளையம் வந்தது, முழுசாக,
யாரோ கை விட்டது போல.
அருக்காணி டெக்ஸ் போனது.
வேலப்பன் சைசிங் போனது.
ஓடிபி வந்தது, போனது, வந்தது.
ஒன்பதாவது போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை,
முழங்கால் இரண்டும் என்னுடையவை இல்லை.

எங்கேயோ ஒரு தறி தட்டியது.
பிறகு சந்தே தட்டியது.
லேப்டாப்பைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

வீட்டுக்காரர் டீக்கு வந்தவர்
மேடையில் கை ஊன்றிவிட்டு
அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"அடுப்பே பத்த வெக்கல,
கல்லு ஏன் இப்படிச் சுடுது?"

"வரி கட்டினேனுங்."