கோல்கீப்பர்

கப்வேயில், எங்கள் காலனியில்,
வேலியில்லாத மைதானம் ஒன்றுதான்.
கம்பெனி கொட்டிவிட்டுப் போன
காரீயக் கழிவுமேடு.
பந்துக்குப் பாய்ந்து விழுவதில் கெட்டிக்காரன்
என் மகன் கசோண்டே.

வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்வேன்.
தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் பெருக்குவேன்,
புழுதி எழக்கூடாதென்று.
தண்ணீரும் அந்த மேட்டுக்கு அடியிலிருந்துதான்.

கிளினிக்கில் விரல்நுனியில் குத்தினார்கள்.
எழுபத்தொன்று.
"கணக்கில்கூட இவ்வளவு வாங்கியதில்லை அம்மா!"
நர்ஸ் சிரிக்கவில்லை.
பூஜ்யம்தான் நல்ல மதிப்பெண் என்றாள்.

எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு
வெள்ளைக்காரன் கப்பலேறினான்
என்று பள்ளியில் படித்திருக்கிறேன்.
போகிற அவசரத்தில்
கொஞ்சத்தை மறந்துவிட்டான் போல.
எலும்பில் தங்கிவிடுமாம், வருடக்கணக்காக.
அதற்குள் இவன் அப்பனாகிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை மேற்குத்தெருவோடு ஆட்டம்.
போகாதே என்று சொல்ல
இன்னொரு மைதானம் வேண்டும் எனக்கு.
அவனுக்குக்
கையுறை வேண்டுமாம்.