ஒன்பதும் ஒன்றும்

பதினாறு பருவங்கள். முந்நூற்றுப் பதினொரு ஆட்டங்கள்.
எதிர்வலையில் ஒன்பது,
தன் வலையில் ஒன்று.
ஹெட்ஸ்ட்ரோமின் கணக்கை இதற்குமேல் விரித்தால்
கொட்டாவி வரும்:
இரண்டு குளிர்காலம் டென்மார்க்கில், பெஞ்சில்.
இடது முழங்காலில் ஒரு திருகாணி.
மற்றபடி நடுக்களம்.

நடுக்களம் என்றால்
பந்தை வாங்கு, தலை நிமிர், கொடுத்துவிடு.
கோல் அடித்தவனைக் கட்டிப் புரள்வார்கள்;
நீ அதற்குள்
உன் இடத்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருப்பாய்.

அந்த ஒன்று மட்டும்
சுண்ட்ஸ்வாலில், அக்டோபர் மழையில்,
கோல்கீப்பருக்கென்று தட்டிவிட்டது.
கோல்கீப்பர் அங்கே இல்லை.
பந்து அவசரமே இல்லாமல் உருண்டது,
சனிக்கிழமை கடைக்குப் போகிறவன் போல.

இப்போது அதே ஊரில் தபால் வண்டி ஓட்டுகிறார்.
துறைமுகத்து மீன்கடை வெண்ட்லா
ஆண்டுதோறும் அந்தத் தேதியில்
ஒரு கிலோ ஹெர்ரிங் பொட்டலம் கட்டுகிறாள்.
காசு வாங்குவதில்லை.
"எங்க டீம் கீழே இறங்காம காப்பாத்தினவர் நீங்க."

முதல் வருடம் வாங்காமல் வந்துவிட்டார்.
இந்த வருடம்
தராசு முள்ளையே பார்த்து நின்றார்,
கிலோவுக்குக் கொஞ்சம் குறைகிறதே என்று.